ஓநாய் என்று எழுதிய கை

போலீஸ் தேடி வந்தது கோரி வைஸை அல்ல. 1989 ஏப்ரல் 20 அன்று, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், அவனுடைய நண்பன் யூசெஃப் சலாமைத் தேடித்தான் வந்தார்கள். யூசெஃபுக்கு 15 வயது, கோரிக்கு 16. போலீஸ் கையிலிருந்த பட்டியலில் கோரியின் பெயர் இல்லை. நண்பனைத் தனியாக அனுப்ப மனம் வராமல், துணைக்கு நானும் வருகிறேன் என்று கிளம்பிப் போனான். போனவன் வீடு திரும்ப 13 ஆண்டுகள் ஆயின.

அதற்கு முந்தைய இரவு சென்ட்ரல் பார்க்கில் ஓட்டப்பயிற்சிக்குப் போன 28 வயதுப் பெண் ஒருவர் கொடூரமாகத் தாக்கப்பட்டு, பாலியல் வன்முறைக்கு ஆளாகி, மரங்களுக்கிடையே ஒரு பள்ளத்தில் கிடந்தார். மண்டை உடைந்திருந்தது. உடம்பிலிருந்த ரத்தத்தில் முக்கால் பங்குக்கும் மேல் போய்விட்டது. பன்னிரண்டு நாள் கோமாவில் இருந்தார். பிழைக்கவே மாட்டார் என்று எல்லோரும் நினைத்தவர் பிழைத்தார். பல ஆண்டுகள் கழித்து, 2003-இல், தன் பெயர் டிரிஷா மெய்லி என்று அவரே புத்தகம் எழுதி உலகுக்குச் சொன்னார். தாக்கப்பட்டபோது அவர் வால் ஸ்ட்ரீட்டின் பெரிய முதலீட்டு நிறுவனம் ஒன்றில் அதிகாரி, யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர், வெள்ளையர்.

அன்றிரவு பூங்காவுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட பையன்கள் கூட்டமாக நுழைந்ததும், அவர்களில் சிலர் வழியில் போனவர்களை அடித்ததும் உண்மை. போலீஸ் அந்தக் கூட்டத்திலிருந்து பையன்களைப் பிடித்தது. கடைசியில் ஐந்து பேர் மாட்டினார்கள்: ஆன்ட்ரன் மெக்ரே 15, கெவின் ரிச்சர்ட்சன் 14, ரேமண்ட் சந்தானா 14, யூசெஃப் சலாம் 15, கோரி வைஸ் 16. நான்கு பேர் கறுப்பர்கள். ரேமண்ட், லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பையன்.

மணிக்கணக்காக, தூக்கமில்லாமல் விசாரணை நடந்தது. 'உன் நண்பன் உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டான், நீ பார்த்ததைச் சொன்னால் வீட்டுக்குப் போகலாம்' என்பது உலகமெங்கும் போலீஸ் வைத்திருக்கும் பழைய சாவி. நான்கு பையன்கள் கேமரா முன் ஒப்புக்கொண்டார்கள். யூசெஃபின் தாய் வந்து விசாரணையை நிறுத்தியதால் அவன் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. ஒப்புக்கொண்ட நான்கு பேரின் கதையும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. எந்த இடம், யார் பிடித்தது, யார் அடித்தது, எல்லாவற்றிலும் முரண். சம்பவ இடத்தில் எடுத்த டி.என்.ஏ. ஐவரில் ஒருவருடையதோடும் பொருந்தவில்லை. வழக்கு நீதிமன்றம் ஏறும் முன்பே அரசுத் தரப்புக்கு இது தெரியும். நீதிபதியும் ஜூரியும் வருவதற்கு ஓராண்டுக்கு முன்பே ஊருக்கு எல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

தீர்த்தது யார் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதல் பக்கம் கொடுத்த தீர்ப்பு

'வைல்டிங்' என்றொரு சொல் அந்த வாரம் அமெரிக்கப் பத்திரிகைகளில் பிறந்தது. கூட்டமாகச் சேர்ந்து வெறியாட்டம் போடுவதற்குப் பையன்கள் வைத்திருக்கும் பெயர் அதுதான் என்று போலீஸ் சொன்னது. நிருபர்கள் எழுதினார்கள். இரண்டே நாளில் அது அகராதிச் சொல் போல ஆகிவிட்டது. 'டெய்லி நியூஸ்' முதல் பக்கத்தில், 'ஓநாய்க் கூட்டத்தின் இரை' என்று தலைப்பு வந்தது. அதன் பிறகு ஓநாய், மந்தை, வேட்டை எனக் காட்டுச் சொற்கள் வரிசைகட்டி வந்தன.

பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைப் பெரிய பத்திரிகைகள் வெளியிடவில்லை. அது சரியான முடிவு. ஆனால் பிடிபட்ட பையன்களின் பெயர், வயது, படிக்கும் பள்ளி, குடியிருக்கும் கட்டடம் எல்லாம் அச்சாயின. 14 வயதுப் பிள்ளைகளுக்குப் பத்திரிகைகள் வழக்கமாகக் கொடுக்கும் மறைப்பு இவர்களுக்குக் கிடைக்கவில்லை. வீட்டுக்குக் கொலை மிரட்டல் கடிதங்கள் வந்தன.

மே 1 அன்று, சம்பவம் நடந்து பன்னிரண்டாம் நாள், நகரின் நான்கு பெரிய நாளிதழ்களில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவாருங்கள், போலீஸைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கையெழுத்து டொனால்ட் டிரம்புடையது. செலவு 85,000 டாலர் என்று அப்போது செய்தி வந்தது. பையன்களின் பெயரை விளம்பரம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. அந்த வாரம் நியூயார்க்கில் அந்த விளம்பரத்தைப் பார்த்த எவருக்கும் யாரைப் பற்றி என்று தெரியும்.

எனக்கு இந்த வழக்கில் திரும்பத் திரும்ப உறுத்துவது ஒரு சின்ன விவரம். கெவின் ரிச்சர்ட்சன் பள்ளியில் டிரம்பெட் வாசிப்பான். யூசெஃப் கலைப் பள்ளி ஒன்றில் இடம் பிடித்துப் படித்தவன். கோரிக்குக் காது சரியாகக் கேட்காது, படிப்பும் அவ்வளவாக வராது. இதெல்லாம் நமக்கு இப்போது தெரியும். 2012-இல் வந்த ஆவணப்படமும் 2019-இல் அவா டுவர்னே எடுத்த தொடரும் இதைப் பரவலாகத் தெரியவைத்தன. 1989 ஏப்ரலில் முதல் பக்கத்தைப் படித்தவருக்கு இவர்கள் கையில் டிரம்பெட் இருந்ததில்லை. அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் ஓநாய்கள்தான்.

மொட்டை மாடியிலிருந்து

நியூயார்க்கில் அந்த ஆண்டு சுமார் 1,900 கொலைகள் நடந்தன. செத்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் கறுப்பர்களும் லத்தீன் வம்சாவளியினரும். பதிவான பாலியல் வன்முறைப் புகார்கள் மூவாயிரத்துக்கும் மேல்.

சென்ட்ரல் பார்க் சம்பவம் நடந்து இரண்டு வாரத்துக்குள், மே 2 அன்று, புரூக்ளினில் ஒரு கறுப்பினப் பெண்ணை மூன்று பேர் கத்தி முனையில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டை மாடிக்குக் கொண்டுபோனார்கள். வன்புணர்ந்தார்கள். பிறகு அங்கிருந்து கீழே தள்ளிவிட்டார்கள். ஐம்பது அடி. எலும்புகள் நொறுங்கின, உயிர் பிழைத்தது. அதே நகரம், அதே வசந்த காலம், அதே குற்றம். முழுப்பக்க விளம்பரம் வரவில்லை. ஆளுநரும் மேயரும் நாள் தவறாமல் அறிக்கை விடவில்லை. மருத்துவமனை வாசலில் பூங்கொத்துகள் மலைபோல் குவியவில்லை. ஜோன் டிடியன் 1991-இல் இந்த வழக்கைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில் இந்தப் பெண்ணையும் நினைவுபடுத்தினார். எதைக் கண்டு நகரம் அழுகிறது, எதைக் கடந்துபோகிறது என்று வெளிப்படையாகக் கேட்ட வெகுசிலரில் அவரும் ஒருவர்.

டிரிஷா மெய்லிக்குக் கிடைத்த கண்ணீர் அதிகம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. அவருக்கு நடந்ததற்கு அவ்வளவு கண்ணீரும் தகும். புரூக்ளின் பெண்ணுக்கும் அவ்வளவும் தகாதா என்பதுதான் கேள்வி.

நான்கு மாதம் போனது. ஆகஸ்ட் 23. அதே புரூக்ளினில் பென்சன்ஹர்ஸ்ட் என்ற வெள்ளையர் குடியிருப்பு. யூசுஃப் ஹாக்கின்ஸ் என்ற 16 வயதுக் கறுப்பினப் பையன், விற்பனைக்கு வந்த பழைய கார் ஒன்றைப் பார்க்க மூன்று நண்பர்களோடு அங்கே போனான். பேஸ்பால் மட்டைகளோடு திரண்டிருந்த வெள்ளை இளைஞர்கள் கூட்டம் அவர்களைச் சூழ்ந்துகொண்டது. அதிலிருந்து வந்த குண்டுகள் ஹாக்கின்ஸின் நெஞ்சில் பாய்ந்தன.

இந்தக் கூட்டத்துக்குச் செய்திகளில் ஒரு காரணம் இருந்தது. அந்தத் தெருவில் ஒரு பெண், அவளுடைய பிறந்தநாள், கறுப்பினப் பையன்களை விருந்துக்கு அழைத்திருக்கிறாள் என்று ஒரு பேச்சு, ஒருவனுக்குப் பொறாமை. தெருவைப் பற்றியும் எழுதினார்கள்: உழைக்கும் இத்தாலிய வம்சாவளிக் குடும்பங்கள், ஒருவருக்கொருவர் உறவு, வெளியாளைக் கண்டால் பயம். எல்லாம் நிருபர்கள் விசாரித்து எழுதியவை. பிழை என்று சொல்ல மாட்டேன். கொலைக்கும் ஒரு சூழல் உண்டு, அதைத் தேடிப் போவது நிருபரின் வேலை. ஹார்லெம் பையன்களின் தெருவுக்கு, வீட்டுக்கு, பயத்துக்கு அந்த ஏப்ரலில் அப்படித் தேடிப் போனவர்கள் எத்தனை பேர்? வெள்ளைக் கூட்டம் வன்முறை செய்தால் காரணம் தேடுகிறோம். கறுப்புப் பையன்கள்மீது பழி விழுந்தால் தோலே காரணமாகிவிடுகிறது.

இல்லாத மனிதனைப் பிடித்த நகரம்

அதே 1989. அக்டோபர் 23. பாஸ்டன்.

கர்ப்பிணிகளுக்கான வகுப்பு முடிந்து மருத்துவமனையிலிருந்து காரில் கிளம்பிய ஒரு வெள்ளைத் தம்பதி. கணவர் சார்லஸ் ஸ்டூவர்ட், விலையுயர்ந்த ஃபர் கோட்டுகள் விற்கும் கடையின் மேலாளர். மனைவி கேரல், வழக்கறிஞர், ஏழு மாதக் கர்ப்பிணி. கார் போனிலிருந்து சார்லஸ் போலீஸை அழைத்தார். ஒரு கறுப்பன் காருக்குள் ஏறினான், கொள்ளையடித்தான், எங்கள் இருவரையும் சுட்டுவிட்டான். எந்தத் தெருவில் இருக்கிறேன் என்று தெரியவில்லை. பதின்மூன்று நிமிடம் பேச்சு நீடித்தது. அந்த ஒலிப்பதிவு நாடெங்கும் ஒலிபரப்பானது. அவசர மருத்துவ ஊழியர்களோடு அன்று ஒரு டி.வி. நிகழ்ச்சியின் கேமராக் குழுவும் சுற்றிக்கொண்டிருந்ததால், ரத்தத்தில் தோய்ந்த அந்தக் காட்சியும் வீடுகளுக்குள் வந்தது. கேரல் சில மணி நேரத்தில் இறந்தார். அறுவை செய்து எடுத்த ஆண் குழந்தை 17 நாள் வாழ்ந்தது.

கட்டையான குரல், கறுப்பு ஜாகிங் உடை, அதில் சிவப்புக் கோடு. இந்த அடையாளத்தோடு போலீஸ் மிஷன் ஹில் என்ற பகுதிக்குள் இறங்கியது. கறுப்பின ஆண்களை நடுத்தெருவில் சுவரோடு நிறுத்தி, கால்சட்டையைக் கழற்ற வைத்துச் சோதனை போட்டார்கள். வாரக்கணக்கில் நடந்தது இது. அரசியல்வாதிகள் மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று குரல் கொடுத்தார்கள். பத்திரிகைகளில் தம்பதியின் திருமணப் படங்கள் வந்தன. ராஜகுமாரன், ராஜகுமாரி மாதிரியான ஜோடி என்று எழுதினார்கள். முதலில் ஆலன் ஸ்வான்சன் என்பவரைப் பிடித்தார்கள். பிறகு வில்லி பென்னெட். டிசம்பர் 28 அன்று அடையாள அணிவகுப்பில் சார்லஸ் ஸ்டூவர்ட், பென்னெட்டைக் கைகாட்டினார். குரல், உடை, முகம் எல்லாம் பொருந்திவிட்டன.

ஒரு வாரம் தாங்கவில்லை. ஜனவரி 3 அன்று சார்லஸின் தம்பி மேத்யூ அதிகாரிகளிடம் போய் உண்மையைச் சொன்னார். அண்ணனிடமிருந்து ஒரு பையை வாங்கினேன், அதில் துப்பாக்கி இருந்தது, ஆற்றில் வீசினேன். மறுநாள் காலை சார்லஸ் ஸ்டூவர்ட் டோபின் பாலத்திலிருந்து குதித்துச் செத்தார். மனைவியைச் சுட்டது அவர். தன் வயிற்றில் சுட்டுக்கொண்டதும் அவர். காருக்குள் ஏறிய கறுப்பன் என்று ஒருவன் இருக்கவே இல்லை.

கர்ப்பிணிப் பெண் கொல்லப்பட்டால் விசாரணை முதலில் கணவனிடம் போக வேண்டும் என்பது எந்தத் துப்பறிவாளருக்கும் பாலபாடம். ஸ்டூவர்ட் அந்தப் பாடத்திலிருந்து தப்பித்தது எதனால்? தன் நகரத்தை அவர் நன்றாக அறிந்திருந்தார். கறுப்பன் என்ற ஒரு சொல் போதும், மீதியை நகரமே வரைந்துகொள்ளும் என்று அவருக்குத் தெரியும். அவர் சொன்னது ஒரு வரி. படத்தை நிறைவு செய்தது போலீஸ், செய்தித்தாள், டி.வி., வாசகர். ஐந்து ஆண்டு கழித்து, 1994 அக்டோபரில், தெற்குக் கரோலினாவில் சூசன் ஸ்மித் என்ற தாய் தன் இரண்டு குழந்தைகளை ஏரியில் மூழ்கடித்துவிட்டு, ஒரு கறுப்பன் காரோடு கடத்திவிட்டான் என்று டி.வி.யில் அழுதாள். ஒன்பது நாள் நாடே அந்த இல்லாத மனிதனைத் தேடியது.

2000-ஆம் ஆண்டில் ஃபிராங்க்ளின் கில்லியம், ஷாந்தோ ஐயங்கார் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை ஒன்று இதை எண்ணில் காட்டுகிறது. உள்ளூர் டி.வி. செய்தியில் ஒரு குற்றச் செய்தியைச் செருகி மக்களுக்குக் காட்டினார்கள். சிலருக்குக் குற்றவாளியின் முகம் கறுப்பு, சிலருக்கு வெள்ளை, சிலருக்கு முகமே காட்டப்படவில்லை. முகம் காட்டப்படாதவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர், குற்றவாளியைத் திரையில் பார்த்ததாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் 70 சதவீதம் பேர், பார்த்தது கறுப்பரை என்றார்கள். சார்லஸ் ஸ்டூவர்ட் இந்த ஆய்வைப் படித்திருக்க வாய்ப்பில்லை. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை.

கோட்டும் டையும்

செய்தி மேசையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். பக்கம் அச்சுக்குப் போக இருபது நிமிடம் இருக்கும். ஒருவரைப் பற்றி இரண்டு படம் கையில் இருக்கும். ஒன்று போலீஸ் எடுத்தது: பின்னால் வெற்றுச் சுவர், தூங்காத கண், கலைந்த தலை. இன்னொன்று வீட்டார் கொடுத்தது, அல்லது கல்லூரி ஆண்டு மலரில் வந்தது: சிரித்த முகம். எதைப் போடுகிறோமோ அதுதான் அந்த ஆளைப் பற்றி வாசகர் மனதில் கடைசிவரை நிற்கும். எழுதியிருக்கும் நானூறு சொல்லை விட அந்தப் படம் அதிகம் பேசும்.

2015 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தில், நினைவிழந்து கிடந்த பெண்ணைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கிய வெள்ளை இளைஞன், அந்தப் பல்கலைக்கழகத்தின் நீச்சல் வீரன். சைக்கிளில் வந்த இரண்டு மாணவர்கள் கையும் களவுமாகப் பிடித்தார்கள். வழக்கு முடிந்து தண்டனை அறிவிக்கும்வரை செய்திகளில் வந்தது பெரும்பாலும் கோட்டும் டையும் போட்ட அவனுடைய புன்னகைப் படம். கைதானபோது போலீஸ் எடுத்த படம் 2016 ஜூனில்தான், மக்கள் கேட்டு நச்சரித்த பிறகு வெளியே வந்தது. பாதிக்கப்பட்ட பெண், பின்னாளில் தன் பெயரை வெளியிட்ட சானல் மில்லர், நீதிமன்றத்தில் வாசித்த அறிக்கையில் ஒன்றைச் சொன்னார். தனக்கு என்ன நடந்தது என்ற விவரத்தையே அலுவலகத்தில் உட்கார்ந்து போனில் ஒரு செய்தியைப் படித்துத்தான் அவர் தெரிந்துகொண்டார். தன் உடல் எந்த நிலையில் கிடந்தது என்று படித்துக்கொண்டே போனவர், செய்தியின் அடியில் பார்த்தார்: அவனுடைய நீச்சல் நேரங்கள். எத்தனை நொடியில் எவ்வளவு தூரம்.

தண்டனை ஆறு மாதம். மூன்று மாதத்தில் வெளியே வந்தான்.

இதற்கு எதிர்ப்பக்கம் 1994 ஜூன் 27 தேதியிட்ட 'டைம்' இதழின் அட்டை. கொலை வழக்கில் கைதான கறுப்பின விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்ப்சனைப் போலீஸ் எடுத்த படம் அது. அதே படம் அதே வாரம் 'நியூஸ்வீக்' அட்டையிலும் வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. 'டைம்' அட்டையில் முகம் கறுக்க வைக்கப்பட்டிருந்தது. குற்றத்துக்கு ஒரு நிறம் வேண்டும் என்று யாரோ ஒரு மேசையில் நினைத்திருக்கிறார்கள், அல்லது நினைக்காமலே கை அப்படிப் போயிருக்கிறது. இரண்டாவதுதான் எனக்கு அதிகம் பயம் தருகிறது.

தலைப்பிலிருந்து சட்டத்துக்கு

ஓநாய் என்ற சொல் பத்திரிகையோடு நிற்கவில்லை. 1995-இல் ஜான் டியூலியோ என்ற அரசியல் அறிவியல் பேராசிரியர் 'சூப்பர் பிரிடேட்டர்' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். மனசாட்சியில்லாத, இரக்கமில்லாத இளம் வேட்டைக்காரர்கள் அலையாக வரப்போகிறார்கள் என்றார். பத்திரிகைகள் அதை அட்டைப்படமாக்கின. தொண்ணூறுகளில் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள், சிறார்களைப் பெரியவர்களாக வைத்து விசாரிப்பதை எளிதாக்கச் சட்டம் திருத்தின. வரும் என்ற அலை வரவில்லை. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் சிறார் வன்முறைக் குற்றங்கள் சரசரவென்று குறைந்தன. தன் கணிப்பு தவறு என்று டியூலியோ பிற்பாடு ஒப்புக்கொண்டார். அதற்குள் 14, 15 வயதில் உள்ளே போனவர்களுக்கு நரைத்துவிட்டது.

கோரி வைஸ் விஷயத்தில் 16 வயது என்பதே போதுமானதாக இருந்தது. நியூயார்க் சட்டப்படி அப்போது அது பெரியவர் வயது. மற்ற நால்வரும் முதலில் சிறார் காவலுக்குப் போனார்கள், ஆறேழு ஆண்டுகளில் வெளியே வந்தார்கள். துணைக்குப் போனவன் பெரியவர்கள் சிறையில் அடி வாங்கி வாங்கி 13 ஆண்டைக் கழித்தான்.

2002-இல் உண்மையான குற்றவாளியே வாய் திறந்தார். மத்தியாஸ் ரெயெஸ், வேறு குற்றங்களுக்காக ஆயுள் சிறையில் இருந்தவர். சிறையில் கோரியைச் சந்தித்தவர். நான் தனியாகத்தான் செய்தேன் என்றார். டி.என்.ஏ. பொருந்தியது. அந்த ஆண்டு டிசம்பர் 19 அன்று ஐவரின் தண்டனையும் ரத்தானது. 2014-இல் நகரம் 41 மில்லியன் டாலர் இழப்பீடு கொடுத்தது.

ரெயெஸ் இன்னொரு கணக்கையும் திறந்து வைத்தார். சென்ட்ரல் பார்க் சம்பவத்துக்கு இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 17 அன்று, அதே பூங்காவில் இன்னொரு பெண்ணைத் தாக்கியவரும் அவர்தான். ஓநாய்கள் பிடிபட்டுவிட்டன என்று நகரம் நிம்மதியாகத் தூங்கிய அந்தக் கோடையில் அவர் வெளியே திரிந்தார். மேலும் பெண்களைத் தாக்கினார். ஜூனில் கர்ப்பிணித் தாய் ஒருவரைக் கொன்றார். ஆகஸ்டில்தான் பிடிபட்டார். பொய்யான முகத்தை முதல் பக்கத்தில் போட்டதற்கு அந்தப் பையன்கள் மட்டும் விலை கொடுக்கவில்லை. அந்தப் பெண்களும் கொடுத்தார்கள். இதை எந்தக் குற்றச் செய்தி நிருபரும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

சில மேசைகள் மாறியிருக்கின்றன. 2020 ஜூலையில் சான் ஃபிரான்சிஸ்கோ போலீஸ், அவசியம் இருந்தாலொழிய கைதானவர்களின் படத்தை வெளியிட மாட்டோம் என்று அறிவித்தது. அந்த டிசம்பரில் 'கான்சஸ் சிட்டி ஸ்டார்' நாளிதழ் தன் பழைய பக்கங்களையே தோண்டிப் பார்த்து, கறுப்பின மக்களைப் பல பத்தாண்டுகள் குற்றவாளிகளாகவே காட்டிவந்தோம் என்று வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்டது. 2021-இல் அசோசியேட்டட் பிரஸ், சில்லறைக் குற்றங்களில் சிக்கியவர்களின் பெயரை இனி எழுதுவதில்லை என்று முடிவெடுத்தது. பாஸ்டன் மேயர் மிஷேல் வூ, வில்லி பென்னெட்டிடமும் ஆலன் ஸ்வான்சனிடமும் நகரத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அது 2023 டிசம்பர். 34 ஆண்டு.

மாறாதவையும் உண்டு. 2024 செப்டம்பர் 10 அன்று, கோடிக்கணக்கானோர் பார்த்த அதிபர் தேர்தல் விவாத மேடையில் டொனால்ட் டிரம்ப், அந்த ஐவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு வழக்காடினார்கள் என்றும் ஒருவரைக் கொன்றார்கள் என்றும் சொன்னார். நீதிமன்றத்தில் ஐவரும் குற்றமற்றவர்கள் என்றுதான் வாதிட்டார்கள். டிரிஷா மெய்லி உயிரோடு இருக்கிறார். விவாதம் முடிந்ததும் நிருபர்கள் கூடும் இடத்தில், ஆறடிக்கும் மேல் உயரமான ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு டிரம்பை நோக்கி வந்தார். ஹார்லெம் மக்கள் 2023-இல் நியூயார்க் நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பிய யூசெஃப் சலாம் அவர்.

சென்ட்ரல் பார்க்கின் நுழைவாயில்களுக்கு 1862-இல் பெயர் வைத்தார்கள். கலைஞர்கள் வாயில், பொறியாளர்கள் வாயில், வணிகர்கள் வாயில். அதில் சிறுவர் வாயில் என்று ஒன்று உண்டு. குழந்தைகள் வாயில் என்றும் ஒன்று உண்டு. 2022 டிசம்பர் 19 அன்று ஐவரின் நினைவாக ஒரு வாயிலுக்குப் புதிதாகப் பெயர் வைத்தார்கள். வடக்கே, ஹார்லெம் பக்கம், 110-ஆவது தெருவில் இருக்கிறது. 'குற்றமற்றோரென விடுவிக்கப்பட்டவர்களின் வாயில்' என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.